இருநூற்றைம்பது அடி

மலைக்கு இந்தப் பக்கம் நான்.
காதைக் கவ்விய ஹெட்செட்,
ஆடை படிந்த தேநீர்,
பொட்டுப் பொட்டாய் வானம் ஊரும் ஒரு திரை.
வேல்ஸின் மேற்கோரம். பிப்ரவரி. செவ்வாய்.

"ஃபெரட் ஒன்றும் இரண்டும், கீழே இறங்குகிறோம்.
இருபது நிமிடத்தில் மேலே வந்து கூப்பிடுகிறேன்."
ஜலதோஷம் பிடித்த குரல்.
இருபத்துநான்கு வயதிருக்குமா?
முகம் தெரியாது, மூக்கடைப்பு தெரியும்.
நான் கொடுத்த எண்களை
வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் திருப்பிச் சொன்னான்.
எங்கள் தொழிலில் வெறும் "சரி" செல்லாது.
சொன்னது சொன்னபடி திரும்பி வந்தால்தான்
போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.
வீட்டில் ஒருநாள் இதைக் கேட்டுப் பார்த்தேன்.
க்ளெட்வின் இரண்டு நாள் பேசவில்லை.

திரையில் அவர்கள் எண் ஒருமுறை மங்கியது,
இன்னொரு முறை,
பிறகு இல்லை.
பதறக் கூடாது. தொலைந்துபோகவில்லை,
தாழ்ந்திருக்கிறார்கள்.
இருநூற்றைம்பது அடியில் பறப்பவனுக்கு
ஆட்டுப்பட்டியின் கதவு தெரியும்,
கொடியில் காயும் போர்வையின் நிறம் தெரியும்.
என்னைத் தெரியாது.
ரேடியோவில் போகும் குரல் பிடிவாதக்காரி,
நேராகத்தான் நடப்பாள்.
மலை குறுக்கே நின்றால்
சுற்றி வரக் கற்றதில்லை.

பத்து ஐம்பத்திரண்டு. தொலைபேசி.
கூம் ஹெலிக் சரிவில் நான்குசக்கர பைக் கவிழ்ந்து
இத்வல் பெப், வயது அறுபத்தாறு, தொடை எலும்பு.
ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் அருகிலேயே நிற்கிறது.
ஆறு நிமிடத்தில் கிளம்பும்.

வரைபடத்தில் விரலை ஓட்டினேன்.
வடக்கே ஏரி, பிறகு கல்குவாரி,
பிறகு அவர்கள் இடதுபுறம் சாய்ந்து நுழையும் வாசல்:
கூம் ஹெலிக்.
விரல் போய்ச் சேர ஒரு நொடி.
அவர்களுக்கு ஐந்து நிமிடம், இல்லை அதற்கும் குறைவு.

"ஃபெரட் ஒன்று."
கரகரப்பு.
"ஃபெரட் ஒன்று, ஃபெரட் ஒன்று."
உலகத்தில் எங்கோ யாரோ
காகிதம் கசக்குவதுபோல ஒரு சத்தம்.
ஹெலிகாப்டர்காரரும்
தாழப் பறப்பவர்களின் பொது அலைவரிசையில்
தான் நிற்கும் இடத்தை
யாருக்கென்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாராம்.
பாறையின் மூக்கு
அதையும் வாங்கி வைத்துக்கொண்டது.

அப்போது இருபதாயிரம் அடியிலிருந்து,
ஐரிஷ் கடலுக்கு மேலே
யாருக்கோ எரிபொருள் சுமந்து
வட்டமடித்த டேங்கரிலிருந்து,
கிளாஸ்கோ வாடையடிக்கும் ஒரு பெண்குரல்:
"உங்களை அவர்களுக்கு எட்டவில்லை.
எனக்கு இருவருமே கேட்கிறது. கொடுங்கள்."

கொடுத்தேன்.
என் சொற்களை அவள் வாயில் கேட்டேன்.
அவன் என்ன சொன்னான் என்பது கேட்கவில்லை.
அவள் பேசினாள்,
ஒரு வெற்றிடம்,
அவள் பேசினாள்,
ஒரு வெற்றிடம்.
அடுத்த வீட்டுக்காரி போனில் பேசுவதை
சுவர் வழியே கேட்பதுபோல்
பாதி உரையாடலில் காதை வைத்துக் கிடந்தேன்.

"திருப்பிச் சொல்லிவிட்டான்" என்றாள்.
"மேலேறுகிறார்கள். ஆமாம், பாவம்,
அந்தப் பையனுக்கு நல்ல சளி."

மலை விளிம்புக்கு மேலே
இரண்டு எண்கள் முளைத்தன.
நாற்பது நொடி கழித்து, தாழ்வாக, மெதுவாக,
மூன்றாவது ஒன்று.
படிவத்தில் நேரத்தை எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

மார்ச்சில் இத்வல் பெப்பிடமிருந்து கடிதம்.
பன்னிரண்டாவது.
முந்தைய பதினொன்றும் உங்கள் சத்தத்தைப் பற்றி,
ஃபெரட் ஒன்றே:
சினை ஆடுகள், விரிசல் விட்ட ஜன்னல்,
உணவு மேஜைக்கடியில் ஒளியும் நாய்.
இதுவும் அதே நீல மை. எழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.
"கால் ஒடிந்து நான் புல்லில் கிடந்த காலை
ஒரு விமானம்கூடப் போகவில்லை.
ஆக, மனம் வைத்தால்
உங்களால் முடியத்தான் செய்கிறது."

அறையில் யாரும் இல்லை.
வாய்விட்டு, சொன்னது சொன்னபடி,
ஒருமுறை திருப்பிச் சொன்னேன்.
பிறகு தேதி முத்திரை குத்தி
பதினொன்றின் மேல் வைத்தேன்.